பட்டணத்துக்கு எத்தனை பாக்கம்?

ஆரம்பாக்கத்து வயதானவர்கள் யாரும் சென்னைக்குப் போவதில்லை. 'பட்டணம் போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டணத்தில் அடையாறு கிடையாது, அண்ணா நகர் கிடையாது. பாரிமுனை, அதற்குப் பின்னால் விரியும் தெருக்கள், மண்ணடி, சவுகார்பேட்டை, தங்கசாலை, அவ்வளவுதான். அறுபது கிலோமீட்டர் தள்ளி, ஆந்திர எல்லையில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு நகரம் என்றால் அதன் நடுதான். மிச்சமெல்லாம் அங்கே குடியிருக்கிறவர்களுடைய விவகாரம்.

அந்த நடுவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பலமாக எழுந்திருக்கிறது. 2023-ல் அறிவிக்கப்பட்டு 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் இருக்கிறது. பிராட்வே பேருந்து நிலையம் இருக்கும் இடத்தில் பலமாடிப் போக்குவரத்து வளாகம் கட்டும் திட்டம் இருக்கிறது. உலகம் முழுக்க இதே கதைதான். நலிந்துபோன நகர நடுவைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். இது கடைவீதி வட்டாரம், இது கலை வட்டாரம், இது பாரம்பரிய வட்டாரம், இது சாப்பாட்டு வட்டாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு வழிகாட்டிப் பலகை. மக்கள் திரும்பி வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள். நகரம் பிழைத்துவிட்டது என்கிறார்கள்.

இதில் தப்பு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தப்பு என்று நானும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் இருக்கிறது. ஒரு இடத்தைப் புதுப்பித்த பிறகும் அது அதே இடம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அப்படிச் சொல்லும் உரிமை யாருடையது?

தெருவே ஒரு கடை

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். பத்துக்குப் பத்து அறை. மாதம் ஒருமுறை பட்டணம் போய் சரக்கு எடுத்து வருவார். "தேவராஜ முதலி தெருவுல நாலு கடை ஏறி இறங்கினா போதும் தம்பி. ஒருத்தன்கிட்ட இல்லன்னா அவனே பக்கத்துக் கடையைக் காட்டிடுவான். இரண்டாயிரம் ரூபாய்க்கு எடுத்தாலும் மொத்த விலைதான். யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க" என்பார்.

ஜார்ஜ் டவுனின் ரகசியமே இந்த நாலு வரியில் அடங்கியிருக்கிறது. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் ஃபேன்சி சாமானும். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கோடவுன் தெருவில் துணி. நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனமும் மருத்துவ உபகரணமும். பத்ரியன் தெருவில் பூ. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் தங்கம். மண்ணடிப் பக்கம் இரும்பு. இப்படித் தெருவுக்கு ஒரு தொழில் என்று எந்தத் திட்ட அதிகாரியும் உட்கார்ந்து வரைபடம் போடவில்லை. போட்டியாளன் பக்கத்திலேயே கடை போடுவது பார்க்க முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் முப்பது கடை ஒரே சரக்கை விற்கும் தெருவுக்குத்தான் ஆந்திராவிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வியாபாரி வருவான். தனிக்கடையைத் தேடி யாரும் அறுபது கிலோமீட்டர் பயணம் செய்ய மாட்டார்கள்.

இதனால் அதிகம் பயன் பெறுகிறவர் சின்ன வியாபாரிதான். பெரிய வியாபாரிக்குத் தரகர் உண்டு, லாரி உண்டு, கடன் தர வங்கி உண்டு. அக்காவுக்கு இருப்பதெல்லாம் இரண்டு கட்டைப் பையும் ஒரு நாளும்தான். அந்த ஒரே நாளுக்குள் விலை விசாரித்து, ஒப்பிட்டு, பேரம் பேசி, வாங்கி, கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரு தெரு முழுக்க ஒரே தொழில் என்பது அவருடைய ஏழ்மைக்கு நகரம் தரும் சலுகை. மூன்று நாள் அலைச்சலை அது மூன்று மணி நேரமாகச் சுருக்கித் தருகிறது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் இரண்டு பாக்கங்களாக இருந்தது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் தொழில் வாரியாகத் தெருக்கள், கைவினைஞர்கள், அயல்தேசத்து வணிகர்கள். பட்டினப்பாக்கத்தில் அரசன், பெருவணிகர், அந்தணர். இரண்டுக்கும் நடுவே மரங்களின் நிழலில் நாளங்காடி. மதுரைக்காஞ்சியில் பகலுக்கு ஒரு சந்தை, இரவுக்கு ஒரு சந்தை. ஊருக்குள் வட்டாரங்கள் இருக்கும், அவை ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும், அந்த வேறுபாட்டில்தான் நகரம் உயிர்வாழும் என்பது தமிழ் மனத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு பாக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேறுபாட்டின் மறுபக்கம்

ஆனால் இந்த இடத்தில் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் கதை பொய்யாகிவிடும். பழைய வட்டாரங்களின் தனித்தன்மையைப் போற்றுகிறவர்கள் அந்தத் தனித்தன்மை எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் அழைக்கும் பகுதிக்கு வெள்ளையர்கள் வைத்த பெயர் கறுப்பர் நகரம். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே கறுப்பர். அந்தக் கறுப்பர் நகரத்துக்குள்ளேயே இன்னொரு கோடு இருந்தது. 1707-ல் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது வலங்கைச் சாதியினருக்கும் இடங்கைச் சாதியினருக்கும் சண்டை மூண்டது. எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதுதான் தகராறு. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையினருக்கு என்று பாகம் பிரித்தார்கள். இன்று பாரம்பரிய நடைப்பயணம் போகிறவர்கள் ரசிக்கிற அந்த இரண்டு பேட்டைகளின் வெவ்வேறு குணத்துக்குப் பின்னால் 'நீ இந்தத் தெருவுக்குள் வராதே' என்ற சொல் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் பழசு என்று நினைக்கிற ஜார்ஜ் டவுன் உண்மையில் இரண்டாவது நகரம். முதல் கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் நகரத்தின் ஒரு பகுதியை அவர்கள் இடித்தார்கள். பிறகு கம்பெனியார் மிச்சத்தையும் இடித்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்பது காரணம். அந்த வெளியின் எல்லையைக் குறிக்க நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அந்த வெளியில்தான் 1892-ல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. அதன் செங்கல் அழகைப் பார்த்து வியக்காதவர்கள் கிடையாது. அதன் அடியில் ஒரு ஊர் இருந்தது என்று நினைப்பவர்கள் சொற்பம்.

ஆக, 'பழசை அப்படியே காப்பாற்று' என்பது ஒரு முழு அறமாக இருக்க முடியாது. எந்தப் பழசை என்ற கேள்வி உடனே வந்துவிடும். கறுப்பர் நகரம் என்ற பெயர் 1906-ல் வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி ஜார்ஜ் டவுன் ஆனது. அவமானம் பெயரிலிருந்து போனது நல்லதுதான். தெருவில் சாதிக்குப் போட்ட வேலி தளர்ந்ததும் நல்லதுதான். இன்று அதே தெருக்களில் தமிழ் முஸ்லிமும் மார்வாடியும் குஜராத்தியும் ஆந்திரக் கோமுட்டியும் நாடாரும் ஒரே சரக்குக்குப் போட்டி போடுகிறார்கள். ஒரு வட்டாரம் தன் பழைய குணத்தை இழந்து மேலான ஒன்றாக மாறியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சுத்தம் செய்வதின் நியாயம்

புதுப்பித்தலுக்கு ஆதரவான வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவது நல்லது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். பொலிவுறு நகரத் திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவு. அகலமான நடைபாதை, உட்கார இருக்கைகள். சக்கர நாற்காலியில் ஒருவர் கடைவீதியைப் பார்க்கலாம், கைக்குழந்தையோடு ஒரு பெண் இடிபடாமல் நடக்கலாம். இது சின்ன விஷயம் கிடையாது. பழைய கடைவீதியின் 'உயிர்த்துடிப்பு' என்று எழுத்தாளர்கள் வருணிப்பதில் பாதி, பெண்களுக்கு இடிபடுதல். கழிப்பறை இல்லாத தெருவில் எங்கள் அக்கா காலை ஏழு மணியிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சரக்கு எடுக்கிறார். அந்தத் தெருவை மாற்றாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கொத்தவால் சாவடியையும் நினைத்துப் பார்க்கலாம். காய்கறி மொத்தச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. அதுவரை லாரிகளும் அழுகல் நாற்றமும் அந்தத் தெருக்களை அடைத்துக்கொண்டு கிடந்தன. இடமாற்றத்துக்குத் தேவை இருந்தது. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. வடசென்னையில் இரவு நடந்தே சந்தைக்கு வந்து, விடியற்காலையில் ஒரு கூடை காய் எடுத்துத் தலையில் வைத்து விற்ற பெண்ணுக்கு கோயம்பேடு எவ்வளவு தூரம்? மூட்டை தூக்கியவருக்குப் புதுச் சந்தையில் இடம் கிடைத்ததா? இடமாற்றத்தின் பலன் நகரம் முழுக்கப் பரவியது. அதன் விலையைச் சிலர் மட்டும் கொடுத்தார்கள். பொதுநன்மை என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது மறைவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

எங்கள் ரயில் போய் நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். பழைய புத்தகத்திலிருந்து புறா வரைக்கும் விற்ற மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. வியாபாரிகளில் பலரை அல்லிக்குளம் பக்கம் அனுப்பினார்கள். சந்தை நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தினமும் கும்மிடிப்பூண்டி மார்க்கத்திலிருந்து வந்து இறங்குகிற கூட்டத்தில் இளைஞர்களுக்கு அங்கே ஒரு மார்க்கெட் இருந்தது என்பதே தெரியாது. பெயரைக் காப்பாற்றுவது ஒரு இடத்தைக் காப்பாற்றுவதாகாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிடியும் அலகும்

கிரேக்கர்களிடம் ஒரு பழைய புதிர் உண்டு. தீசியஸ் என்ற வீரனின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா? நம் வீட்டில் இதை அரிவாள்மணையை வைத்தே கேட்கலாம். கட்டையை மாற்றியாச்சு, அலகையும் மாற்றியாச்சு. ஆனாலும் அது பாட்டியின் அரிவாள்மணைதான் என்கிறோம். ஏன்? அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வேலையை, அதே வீட்டாருக்கு அது செய்துகொண்டிருக்கிறது. அதைக் கழுவித் துடைத்து வரவேற்பறையில் மாட்டிவைத்தால், ஒரு அணுகூட மாறாமல் இருந்தாலும் அது அரிவாள்மணை இல்லை, அலங்காரப் பொருள்.

நகர வட்டாரத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கட்டடம் மாறலாம். ஆட்களும் மாறலாம், மாறித்தான் வந்திருக்கிறார்கள். வேலை மாறக் கூடாது. ஜார்ஜ் டவுனின் வேலை என்ன? கையில் கொஞ்சம் பணத்தோடு வருகிறவரை வியாபாரியாக்கி அனுப்புவது. அந்த வேலையை அது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. எவ்வளவு குறைந்த பணத்தோடு ஒருவர் அங்கே நுழைந்து, மரியாதை குறையாமல், பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டு வெளியே வர முடியும்? வாசற்படியின் உயரம் என்று இதைச் சொல்லலாம். புதுப்பித்த பிறகு வாசற்படி உயர்ந்துவிட்டதென்றால், முகப்பு எத்தனை அழகாகத் துலங்கினாலும், அது வேறு இடம்.

அமெரிக்கரான ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் நகரங்களைப் பற்றி எழுதிய நூலில், உயிருள்ள வட்டாரத்துக்குப் பழைய கட்டடங்கள் கட்டாயம் வேண்டும் என்று வாதிட்டார். அழகுக்காக அல்ல, வாடகைக்காக. கடன் தீர்ந்த பழைய கட்டடத்தில்தான் குறைந்த வாடகை கட்டுப்படியாகும், புதிதாகத் தொழில் தொடங்குகிறவன் அங்கேதான் நுழைய முடியும் என்பது அவர் கணக்கு. மூன்று வருடம் கழித்து லண்டனில் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர், உழைப்பாளர் குடியிருப்புகள் வசதியானவர்கள் கைக்குப் போவதற்கு ஒரு பெயரே வைத்தார். கட்டடம் அப்படியே இருக்கும், குடியிருப்பவர் மாறிவிடுவார். இரண்டு பேரும் ஒரே வாசற்படியைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோலுக்கு எதிராக ஒன்று சொல்லலாம். வாசற்படி தாழ்ந்திருப்பதற்கு விலையும் உண்டே. காற்றோட்டமில்லாத குடோனில் படுத்துறங்கும் கூலியாள், தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாத சந்து, தொங்கும் மின்கம்பி. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் குறைந்த வாடகை. உண்மைதான். அதனால்தான் வேலையைக் காப்பாற்று என்கிறேன், குடோனைக் காப்பாற்று என்று சொல்லவில்லை. கழிப்பறை கட்டினால் வாசற்படி உயராது. மின்கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோனாலும் உயராது. தெருவோரக் கடைகளை எடுத்துவிட்டு, வாடகையை மூன்று மடங்காக்கி, கார் நிறுத்த இடம் பண்ணும்போதுதான் உயரும். எது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். பார்க்க மனம் வேண்டும்.

பெயர் சூட்டிய வட்டாரங்கள்

சட்டத்துக்கு இந்த மனம் கொஞ்சம் இருந்திருக்கிறது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே, தேர்தலில் ஜெயித்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. தெருவைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் தெருவில் நிற்பவருக்கு ஒரு நாற்காலி. நல்ல யோசனை. ஆனால் வாங்க வருகிறவருக்கு நாற்காலி இல்லை. எங்கள் அக்காவுக்கு சென்னை மாநகராட்சியில் ஓட்டு கிடையாது. தேவராஜ முதலி தெரு நாளைக்கு மூடினால் அவர் கடை மறு மாசம் மூடும். அவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

பயன்படுத்துகிறவர்களுக்கெல்லாம் உரிமை என்றால் படம் எடுக்க வருகிறவருக்கும் உரிமையா என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. அந்த இடம் இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளக் கூடியவர் ஒரு வகை. அந்த இடத்தை நம்பியே அடுப்பெரிகிறவர் இன்னொரு வகை. முன்னவருக்கு அது விருப்பம், பின்னவருக்கு அது பிழைப்பு. பிரெஞ்சு நாட்டின் ஆன்ரி லெஃபெவ்ர் 1968-ல் நகரத்தின் மீதான உரிமை என்று ஒன்றைப் பற்றி எழுதினார். நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒருவர் எவ்வளவு சார்ந்திருக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் குரல் கேட்கப்பட வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். சார்ந்திருக்காதவர்களின் ரசனைதான் வரைபடமாகிறது.

நகரத்தின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். புகாரின் மகள் பெயரைத் தாங்கிய அந்த இடத்துக்கு வந்தவர்கள் வேலைக்குப் போக மறுபடி நகரத்தின் நடுவுக்கே பஸ் ஏற வேண்டியிருந்தது. 2020-ல் அங்கே பலமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து, அதற்குக் கலை வட்டாரம் என்று பெயர் சூட்டினார்கள். ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கு அதில் பெருமையும் இருக்கலாம். ஆனால் இரண்டு விதமான வட்டாரங்களை நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆண்டர்சன் தெரு காகித வட்டாரம் ஆனது அங்கே காகிதத்தால் பிழைப்பவர்கள் சேர்ந்ததால். மற்றது, வெளியிலிருந்து ஒட்டிய பெயர். முதலாவதில் பெயர் கடைசியில் வருகிறது. இரண்டாவதில் பெயர் மட்டும்தான் முதலில் வருகிறது, மற்றது வருமா என்று காத்திருக்க வேண்டும்.

நம்முடைய பாக்கத்தில்

இதைப் பட்டணத்துக்காரர்களுக்கு உபதேசமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்கள் பக்கமும் வட்டாரங்கள் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஒரு வட்டாரம். எல்லை தாண்டினால் தடாப் பக்கம் ஸ்ரீ சிட்டி இன்னொன்று. ஜார்ஜ் டவுனுக்கு நேர் எதிர் இவை. சைரன் ஊதினால் நிரம்பும், மறுபடி ஊதினால் காலியாகும். உள்ளே நுழைய அடையாள அட்டை வேண்டும். ஐந்நூறு ரூபாயோடு வருகிறவருக்கு அங்கே வாசற்படியே கிடையாது, வாட்ச்மேன்தான் உண்டு.

அந்த ஆலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்கள் லைன் வீடுகளில் அறைக்குப் பத்துப் பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களை நம்பியே இங்கே பல மளிகைக் கடைகள் ஓடுகின்றன. செல்போன் ரீசார்ஜ் கடையில் இந்திப் பலகை தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவர்களுக்கென்றே பரவல் காய் வருகிறது. ஆனால் 'வடக்கத்திப் பசங்களுக்கு வீடு கிடையாது' என்று சொல்கிற தெருக்களும் இங்கே இருக்கின்றன. 1707-ல் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே போட்ட கோட்டை, வலங்கை இடங்கை என்ற பெயர் இல்லாமல், இன்னொரு கை போட்டுக்கொண்டிருக்கிறது. நூறு வருடம் கழித்து யாராவது வந்து, 'ஆகா, இந்தத் தெருவுக்கு எவ்வளவு தனித்தன்மை, ஒடியாச் சாப்பாடு, போஜ்புரிப் பாட்டு' என்று பலகை வைக்கலாம். அன்றைக்கு அந்தப் பலகையில் வாடகைக்கு வீடு கிடைக்காத கதை இருக்காது.

அதனால் வட்டாரத்தைப் பற்றி இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒன்று, இதன் வாசற்படி எவ்வளவு உயரம். இரண்டு, இதிலிருந்து வெளியே போகும் வழி திறந்திருக்கிறதா. உள்ளே வர முடியாத வட்டாரம் கோட்டை. வெளியே போக முடியாத வட்டாரம் சேரி. நம் சரித்திரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. நாளங்காடி இரண்டு பாக்கங்களுக்கும் நடுவே இருந்தது என்பது வெறும் நகர அமைப்புச் செய்தியாக எனக்குப் படவில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டிய இடம் அது.

ஜார்ஜ் டவுனை இனி என்ன செய்யப் போகிறார்கள் என்று முடிவெடுக்கிறவர்கள் பல கூட்டங்கள் போடுவார்கள். படக்காட்சி காட்டுவார்கள். அதில் கல் பாவிய நடைபாதையில் வெள்ளைச் சட்டை போட்ட மனிதர்கள் காபிக் கோப்பையோடு நடந்துகொண்டிருப்பார்கள். அந்தப் படத்தில் கட்டைப் பை எங்கே இருக்கிறது என்று ஒருத்தராவது கேட்டால் நன்றாக இருக்கும். இரண்டு கட்டைப் பையோடு, முழங்கால் வலியோடு, மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு நாலாவது கடை ஏறுகிற ஒரு பெண்ணுக்கு உட்கார ஒரு திண்ணை, ஒரு கழிப்பறை, பழைய விலை, ஆறு மணி ரயிலுக்கு மூர் மார்க்கெட் போக ஒரு பஸ். இந்த நான்கும் கிடைக்கிற திட்டம் எதுவானாலும் அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.